சிறு வியாபாரிகளும் தகாஃபுல் முறைக் காப்பீடும்

கிராமப் பொருளாதாரம் என்றவுடன் உழவரும் நெசவாளரும் நம் நினைவுக்கு வருகின்றனர். உழவர் விளைவித்ததையும் நெசவாளர் நெய்ததையும் வாங்கி, சிறு இலாபம் வைத்து விற்று, அந்த இலாபத்தைக் கொண்டு அன்றன்று அடுப்பெரிக்கும் சிறு வியாபாரி நம் திட்டங்களில் கடைசி வரிசையில் நிற்கிறார். சங்கரன்கோவில் வட்டாரத்தைச் சுற்றி வருவோர் இவரை எங்கும் காணலாம். விடியுமுன் பூச்சந்தைக்குப் பிச்சியும் மல்லிகையும் கொண்டு வருபவர், இரண்டு விசைத்தறி போட்டுச் சேலை நெய்து விற்பவர், புளியங்குடிச் சந்தையில் எலுமிச்சை மூட்டை எடுத்து வெளியூர் அனுப்புபவர், ஆட்டு வியாபாரி, பிரியாணிக் கடைக்காரர், தேநீர்க் கடைக்காரர், சைக்கிளில் பாத்திரம் விற்பவர் எனப் பலதிறத்தார் இவர்களுள் உளர். நகராட்சி எல்லைக்குள் கடை வைத்திருப்போர் ஏட்டின்படி ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் வாராதவர். ஆயினும் அவர்களுள் பலருடைய வீடும் குடும்பமும் ஒன்றியத்துக் கிராமங்களிலேயே இருக்கின்றன. நகரத்துக் கடையில் தீப்பிடித்தால் கிராமத்து வீட்டில் உலை ஏறுவதில்லை. ஆகவே இது நம் வேலையன்று என்று ஒதுக்க இயலவில்லை.

இத்தகைய வியாபாரிக்கு முதல் என்பது பெரும்பாலும் கடையிலுள்ள சரக்கேயாகும். வங்கியில் வைப்புத் தொகை இராது. வீட்டில் இருந்த நகை முன்னரே அடகுக்குப் போயிருக்கும். ஒரு மின்கசிவினால் கடை எரிந்தாலும், குடும்பத் தலைவர் சாலை விபத்தில் இறந்தாலும், மறுவாரமே கையில் பணம் வேண்டும். அப்பணத்தை உடனே எண்ணித் தருபவர் கந்துவட்டிக்காரர் ஒருவரே. அளவு கடந்த வட்டி வாங்குவதைத் தடுக்கத் தமிழ்நாடு அரசு 2003 ஆம் ஆண்டில் தனிச் சட்டமே இயற்றியது. அதன் பின்னரும் 2017 அக்டோபரில் திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில், கந்துவட்டிக் கொடுமை தாளாது ஒரு குடும்பமே தீக்குளித்து மாண்டதை நம் பகுதியில் எவரும் மறந்திலர். இழப்பு நேர்ந்த மறுவாரத்துப் பணத்துக்கு வேறு வழி உண்டா என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

இன்ஷூரன்ஸ் என்னும் காப்பீடு அதற்கான வழி என்பதைப் படித்தவர் எளிதில் சொல்லிவிடுவர். சிறு வியாபாரிகள் அதில் சேராமைக்குக் காரணங்கள் பல. தவணை கட்டிய பணம் திரும்பாது என்ற எண்ணம் ஒன்று. இழப்புக் கேட்கச் சென்றால் பட்டியல் எங்கே, ரசீது எங்கே என்று அலையவிடுவார்கள் என்ற அச்சம் மற்றொன்று. இவை எல்லாச் சமூகத்தாருக்கும் பொது. முஸ்லிம் வியாபாரிகளிடம் இவற்றோடு இன்னொரு தயக்கமும் காணப்படுகிறது. காப்பீடு தம் மார்க்கத்துக்கு உடன்பட்டதா என்ற ஐயமே அது. நம் வட்டாரத்தில் ஒரு கடைக்காரர் நம்மிடம் கேட்டார்: “ஐயா, நான் கட்டுகிற பணத்தை வட்டிக்கு விட்டுப் பெருக்கித்தானே எனக்குத் தருவார்கள்? மலேசியாவில் தகாஃபுல் என்று ஒன்று இருக்கிறதாம். என் மைத்துனர் அதில் சேர்ந்திருக்கிறார். அது இங்கே வருமா?” அக்கேள்வியில் வியப்பொன்றுமில்லை. கடையநல்லூர்ப் பகுதியிலிருந்து நெசவாளர் பலர் கடல் கடந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சென்று குடியேறினர். சிங்கப்பூரில் கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்னும் அமைப்பு 1941 இலேயே தொடங்கப்பெற்றது. அங்குள்ள உறவினர் வாய்வழியாகவே தகாஃபுல் என்னும் சொல் நம் கடைத்தெருவுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. சொல் வந்த அளவுக்கு விளக்கம் வரவில்லை. கிராம ஊழியர் இதைத் தெளிவாக அறிந்திருந்தாலன்றிக் கேட்பவருக்கு மறுமொழி கூற இயலாது.

தகாஃபுல் என்பது யாது?

அரபு மொழியில் இச்சொல்லுக்கு ஒருவருக்கொருவர் பொறுப்பேற்றல் என்பது பொருள். வழக்கமான காப்பீட்டின் மீது இஸ்லாமியச் சட்ட அறிஞர் பலர் கூறும் ஆட்சேபங்கள் மூன்று. முதலாவது, கரர் என்னும் நிச்சயமின்மை. என்ன கிடைக்கும், எப்பொழுது கிடைக்கும், கிடைக்குமா கிடைக்காதா என்பது தெரியாமலே பணத்தைக் கொடுத்து ஒரு வாக்குறுதியை விலைக்கு வாங்குகிறோம் என்பர். இரண்டாவது, மைஸிர் என்னும் சூது. சிறு தொகை கட்டியவர் விபத்து நேர்ந்தால் பெருந்தொகை பெறுகிறார். நேராவிடில் கம்பெனி அத்தொகையைத் தனதாக்கிக்கொள்கிறது. மூன்றாவது, ரிபா என்னும் வட்டி. திரண்ட நிதியைக் கம்பெனி வட்டி தரும் கடன் பத்திரங்களில் போட்டுவைக்கிறது.

இம்மூன்றையும் நீக்குதற்குத் தகாஃபுல் முறையார் செய்த மாற்றம், பணத்தின் உரிமையைப் பற்றியது. உறுப்பினர் கட்டும் பணம் தபர்ரூ என்னும் நன்கொடை எனக் கொள்ளப்படுகிறது. அது கம்பெனிக்குச் சேராமல் உறுப்பினரின் பொது நிதியில் இருக்கும். கம்பெனி அந்நிதியை நடத்திக் கொடுக்கும் காரியஸ்தர் மட்டுமே. அதற்காகக் குறிப்பிட்ட கூலியை எடுத்துக்கொள்ளும். சில நாடுகளில் கூலிக்குப் பதிலாக முதலீட்டில் வரும் இலாபத்தில் பங்கு பெறுதலும் உண்டு. நிதியில் மிச்சம் வந்தால் அது உறுப்பினர்க்கே உரியது. குறை வந்தால் நடத்துபவர் வட்டியில்லாக் கடன் கொடுத்து ஈடுசெய்வார். பின்னர் வரும் மிச்சத்திலிருந்து அதைத் திரும்பப் பெறுவார். மதுபானம், சூதாட்டம், வட்டித் தொழில் முதலியவற்றில் நிதியை முதலிடலாகாது. இவற்றை மேற்பார்க்க மார்க்க அறிஞர் குழு ஒன்று உண்டு.

ஒரு கணக்கினால் இதை விளக்குவோம். ஒரு கடைத்தெருவில் 300 கடைக்காரர் மாதம் 40 ரூபாய் வீதம் போடுவதாகக் கொள்வோம். மாதம் 12,000, ஆண்டுக்கு 1,44,000 ரூபாய். நடத்துபவர் கூலி ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 28,800 ரூபாய். மிஞ்சுவது 1,15,200. அவ்வாண்டில் நான்கு கடைக்காரர்க்குத் துன்பம் நேர்ந்து, ஒவ்வொருவருக்கும் 20,000 வீதம் 80,000 கொடுத்தால் 35,200 ரூபாய் மிச்சம். வழக்கமான கம்பெனியில் இது பங்குதாரரின் இலாபத்தில் சேரும். தகாஃபுல் முறையில் உறுப்பினரின் நிதியிலேயே தங்கும் அல்லது அவர்களுக்குப் பகிர்ந்தளிக்கப்படும். கடைக்காரர் நன்கறிந்த சீட்டோடு இதைக் குழப்புதல் கூடாது. சீட்டில் ஒருவர் எடுப்பது அவர் போட்ட பணமே. கலியாணத்தில் எழுதும் மொய்யும் இதுவன்று. மொய்யை ஒரு நாள் திருப்பிச் செய்தாக வேண்டும், செய்யாவிடில் உறவு கெடும். தெற்குச் சீமையில் இதற்கு நெருங்கிய பழைய வழக்கம் மகமை எனலாம். விருதுநகர், சிவகாசி முதலிய ஊர்களில் வணிகர் தம் வியாபாரத்தின் அளவுக்கேற்பப் பொது நிதிக்கு ஒரு சிறு பங்கு ஒதுக்கி, அதனால் பள்ளிகளையும் பிற பொதுக் காரியங்களையும் நடத்திய வரலாறு யாவரும் அறிந்ததே. கொடுத்தவர் அதைத் திரும்பக் கேட்பதில்லை. பயன் மட்டும் எல்லாருக்கும் உண்டு.

இனி, இம்முறை உலகில் பரவிய வகையைச் சுருக்கமாகக் கூறுவோம். அரபு நாட்டில் ஒரு குலத்தான் செய்த கொலைக்குரிய நஷ்ட ஈட்டை அக்குலத்தார் அனைவரும் சேர்ந்து செலுத்தும் பழைய வழக்கத்தை இதன் வேராகக் காட்டுவர். இக்காலத்து முதற் கம்பெனி 1979 இல் சூடான் நாட்டில் தோன்றியது. மலேசியா 1984 இல் தகாஃபுலுக்கென்றே சட்டம் செய்தது. 1985 இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, வணிக முறைக் காப்பீட்டை ஏற்காமல் கூட்டுறவு முறைக் காப்பீட்டை ஏற்றது. இலங்கையில் அமானா தகாஃபுல் நிறுவனம் 1999 இல் தொடங்கப்பெற்றது. தமிழ் பேசும் வியாபாரிகளுக்கு இம்முறையை அருகிலிருந்து காட்டியது அதுவே. அறிஞர் யாவரும் ஒரே கருத்தினர் என்று எண்ணிவிடலாகாது. சிரியா நாட்டு அறிஞர் முஸ்தஃபா அஸ்ஸர்கா வழக்கமான காப்பீடும் கூடும் என்றே வாதித்தார். இந்திய அறிஞருள்ளும், கலவரமும் விபத்தும் மிகுந்த சூழ்நிலையைக் கருதிக் காப்பீட்டை அனுமதித்தோர் உளர். ஆகையால், “உங்கள் மார்க்கத்தில் இது கூடாது” என்றோ, “கூடும்” என்றோ ஓர் அரசு ஊழியர் தீர்ப்புக் கூறுதல் பெருந்தவறு. அது அந்தந்த வியாபாரியும் அவர் நம்பும் ஆலிமும் தீர்மானிக்க வேண்டியது. உண்மை விவரங்களைத் தருவதோடு நம் கடமை நின்றுவிடுகிறது.

சிறு தொகை கட்டுவோர்க்கான தகாஃபுலை நுண்தகாஃபுல் என்பர். மலேசிய மத்திய வங்கியின் முயற்சியால் 2017 இல் அந்நாட்டில் பெர்லிந்துங்ஙான் தெனாங் என்ற பெயரில் ஏழையருக்கான எளிய பாலிசிகள் வெளிவந்தன. இதில் வழக்கமான கம்பெனிகளும் தகாஃபுல் கம்பெனிகளும் சேர்ந்தே ஈடுபட்டன. இன்னொன்றும் குறிப்பிடத்தக்கது. மலேசியாவிலும் இலங்கையிலும் முஸ்லிம் அல்லாதாரும் தகாஃபுல் வாங்குகின்றனர். மிச்சம் தமக்கே திரும்பும் என்பது எச்சமயத்தாருக்கும் பிடித்த செய்தியாகத்தானே இருக்கும்!

ஆர்வம் உண்டா?

மலேசியா, இந்தோனேசியா முதலிய நாடுகளில் சிறு வியாபாரிகளின் ஆர்வத்தை ஆராய்வோர், ஐசெக் அஜ்சென் என்னும் உளவியல் அறிஞர் 1991 இல் விரித்துரைத்த கொள்கையைப் பெரிதும் கையாளுகின்றனர். ஒருவர் ஒரு செயலைச் செய்ய எண்ணுவது மூன்றைப் பொறுத்தது என்பது அக்கொள்கை. அச்செயல் நல்லது என்று அவர் நினைக்கிறாரா? தம் வீட்டாரும் சுற்றத்தாரும் அதை விரும்புவார்கள் என்று கருதுகிறாரா? செய்து முடிப்பது தம்மால் கூடும் என்று நம்புகிறாரா? இம்மூன்று கேள்விகளையும் நம் கடைத்தெருவில் நாமே கேட்டுப் பார்க்கலாம்.

முதற் கேள்விக்கு விடை எளிது. ஒருவர் துன்பத்தைப் பலர் பங்கிட்டுக்கொள்வது நல்லதென்பதை மறுப்பவரை நாம் கண்டதில்லை. ஜமாஅத்தில் வீடு இடிந்தவருக்கும் நோயாளிக்கும் வசூல் செய்து கொடுப்பது வழக்கமாகவே இருந்து வருகிறது. இரண்டாவதில்தான் ஜமாஅத் நிர்வாகிகளின் சொல்லும், வீட்டுப் பெரியவரின் சொல்லும், பக்கத்துக் கடைக்காரரின் அனுபவமும் பெரிதாக நிற்கின்றன. பக்கத்துக் கடைக்காரர் இழப்புக் கேட்டு ஆறு மாதம் நடந்திருந்தால், நாம் ஆறு கூட்டம் போட்டுப் பேசினாலும் பயனில்லை. மூன்றாவதாகிய கூடுமா என்னும் கேள்வியே பெருந்தடை. பூ வியாபாரிக்கு ஆடியில் ஒரு வருமானம், மார்கழியில் வேறொரு வருமானம். ஆண்டுத் தவணையை ஒரே நாளில் கட்டச் சொன்னால் அவர் தலையசைத்துவிட்டுப் போய்விடுவார்; கட்டமாட்டார்.

இன்னும் வெளிப்படையாகக் கூறுவோமாயின், தகாஃபுல் வந்தால் சேருவோம் என்று சொல்பவர் அனைவரும் அது வந்தால் சேர்ந்துவிடுவர் என்று நாம் நம்பவில்லை. சிலருக்கு மார்க்கத் தயக்கம் உண்மையானது; அவர்கள் வட்டி வரும் என்பதற்காகவே சேமிப்புக் கணக்கைத் தவிர்ப்பவர். சிலருக்கோ அது ஏஜெண்டுக்குச் சொல்லும் மரியாதையான மறுப்பு. உள்ளே இருக்கும் காரணம் பணமின்மையோ நம்பிக்கையின்மையோதான். இரண்டையும் பிரித்தறியாமல், பெயரை மட்டும் அரபில் மாற்றி அதே பாலிசியைக் கொண்டுவந்தால், முதல் வகையினர் ஏமாற்றப்படுவர். இரண்டாம் வகையினர் அப்பொழுதும் சேரமாட்டார்.

சட்டம் கூறுவது

நம் நாட்டில் தகாஃபுல் கம்பெனி ஏன் இல்லை என்று கேட்போருக்கு விடை சட்டத்தில் இருக்கிறது. 1938 ஆம் ஆண்டு இன்ஷூரன்ஸ் சட்டப்படி உரிமம் பெற்றவரே காப்பீட்டுத் தொழில் செய்யலாம். ஆயுள் காப்பீடு 1956 இலும் பொதுக் காப்பீடு 1973 முதலும் அரசுடைமையாயின. 1999 ஆம் ஆண்டுச் சட்டத்தினால் தனியாரும் நுழைந்தனர். 2002 திருத்தத்தினால் கூட்டுறவுச் சங்கத்துக்கும் கதவு திறந்தது. ஆனால் கதவருகே வைத்திருக்கும் குறைந்த மூலதன நிபந்தனை 100 கோடி ரூபாய். நம் கடைத்தெருச் சங்கம் எங்கே, 100 கோடி எங்கே! அன்றியும் முதலீட்டு விதிகளின்படி கம்பெனிகள் நிதியில் ஒரு பெரும் பகுதியை அரசுக் கடன் பத்திரங்களில் இட வேண்டும். அவை வட்டி தருபவை. வட்டியில்லா வங்கிமுறைக்கு நேர்ந்ததையும் உடன் வைத்துப் பார்க்கலாம். 2008 இல் ரகுராம் ராஜன் தலைமையிலான குழு அதைப் பரிந்துரைத்தது. 2015 இல் ரிசர்வ் வங்கியின் தீபக் மொஹந்தி குழுவும் வட்டியில்லாச் சாளரங்களைப் பற்றிக் கூறியது. 2017 இல் ரிசர்வ் வங்கி அதைத் தொடர்வதில்லை என முடிவு செய்தது. ஆகவே இன்று எவரேனும் வந்து, “நான் தகாஃபுல் பாலிசி தருகிறேன்” என்று நம் கிராமத்தில் பணம் வசூலித்தால், உரிமத்தைக் கேட்க வேண்டும். உரிமம் இல்லையெனில் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம். வட்டியில்லை, ஹலால் என்னும் சொற்களைக் காட்டி எளியவர் பணத்தைத் திரட்டிய மோசடிகள் நாட்டின் பல பாகங்களில் நடந்துள்ளன.

இதற்கு ஒப்பான பரஸ்பர முறை சமயச் சார்பின்றி நம் நாட்டில் நடந்து வருவதையும் அறிதல் நன்று. அகமதாபாத்தில் சேவா அமைப்பு 1992 முதல் உழைக்கும் பெண்களுக்காகக் காப்புத் திட்டம் நடத்தியது. மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளையின் களஞ்சியக் குழுக்கள், தேனி மாவட்டம் கடமலைக்குண்டுப் பகுதியில் பெண்களின் பணத்தையே பொது நிதியாக்கிப் பரஸ்பர மருத்துவக் காப்பு நடத்தின. யார் கேட்பது உண்மையான செலவு, யார் கேட்பது மிகை என்பது குழுவினருக்கே தெரியும் என்பதுதான் இதன் பலம். நம் வட்டாரத்து மகளிர் குழுக்களும் இதைச் செய்ய இயலும் என்பது நம் கருத்து.

வெள்ளம் கற்பித்தது

ஆயினும் உள்ளூர் நிதியின் பலவீனத்தையும் மறைக்காமல் கூற வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. தாமிரபரணிக் கரையில் கடைத்தெருக்கள் இரவோடிரவாக மூழ்கின. மேலே கூறிய 300 கடைகளின் நிதியை மீண்டும் எண்ணிப் பார்ப்போம். தீ விபத்து ஒரு கடையை எரிக்கும். மற்ற 299 கடைகள் உதவும். வெள்ளமோ எல்லாக் கடைகளிலும் ஒன்றாகப் புகும். நூறு கடைகளுக்கு 20,000 வீதம் கொடுக்க 20 லட்சம் வேண்டும். நம் நிதியில் ஆண்டுக்குச் சேருவதோ 1,15,200. பதினேழு ஆண்டு வசூலை ஓரிரவு விழுங்கிவிடும். உதவ வேண்டியவரும் உதவி கேட்பவரும் ஒருவரேயாகிவிடுவதால், எவ்வளவு நல்லெண்ணம் இருந்தாலும் நிதி நிற்காது. காப்பீட்டுக் கம்பெனிகள் தாமே வேறு பெரிய கம்பெனிகளிடம் மறுகாப்பீடு செய்துகொள்வது இதற்காகவே. தகாஃபுல் கம்பெனிகளுக்கும் ரீதகாஃபுல் என்னும் அத்தகைய ஏற்பாடு உண்டு. ஜமாஅத் நிதியையோ சங்க நிதியையோ தொடங்குவோர் முதலில் இதை உணர வேண்டும். ஒரு மரணம், ஒரு விபத்து, ஒரு கடையில் தீ, ஒரு குடும்பத்தில் நோய் இவற்றை உள்ளூர் நிதி தாங்கும். ஆற்று வெள்ளத்தை அது தாங்காது.

அவ்வெள்ளத்திற்குப் பின் வியாபாரிகளுக்கு அரசு உதவி வந்தது. அதில் ஒரு பகுதி வட்டி குறைந்த கடனாக வந்தது. கந்துவட்டியோடு ஒப்பிட்டால் அது மிகப் பெரிய நன்மையே. எனினும் வட்டியைத் தொடாத வியாபாரி அவ்வரிசையில் வந்து நிற்பதில்லை என்பதைத் திட்டம் வகுப்போர் கவனிக்கலாம்.

இன்று கைக்கு எட்டுவன

தகாஃபுல் இல்லை என்று சொல்லி நிறுத்திவிட்டால் கேட்டவருக்குப் பயனில்லை. இருப்பவற்றைச் சொல்ல வேண்டும். விபத்துக் காப்பீடான பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனாவில் 18 முதல் 70 வயது வரையுள்ளோர் ஆண்டுக்கு 20 ரூபாய் கட்டினால் விபத்து மரணத்துக்கு 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். ஜீவன் ஜோதி யோஜனாவில் எக்காரணத்தால் மரணம் நேரினும் அதே தொகை; தவணை 436 ரூபாய்; சேரும் வயது 18 முதல் 50. இவ்விரண்டும் சேமிப்புக் கலவாத தூய காப்பு. முதிர்வுத் தொகையும் போனசும் சேர்ந்த பாலிசிகளில் வட்டியைப் பற்றிய ஆட்சேபம் மிகுதி. இவற்றில் அது குறைவு என்று கருதும் அறிஞரும் உளர், இவற்றையும் ஏற்காதாரும் உளர். வியாபாரி இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொண்டு தம் ஆலிமிடம் கேட்கட்டும். ஏஜெண்டுகள் பெரும்பாலும் சேமிப்புப் பாலிசியையே முன்னே நீட்டுவர். அதில் அவர்களுக்குக் கமிஷன் அதிகம்.

கடைக்கும் சரக்குக்கும், 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டுக் கம்பெனிகளும் பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா என்னும் ஒரே மாதிரியான பாலிசியைத் தருகின்றன. ஐந்து கோடி ரூபாய்க்கு உட்பட்ட சொத்துள்ள தொழில்களுக்கு இது உரியது. தீ மட்டுமன்றி வெள்ளம், புயல் ஆகியவையும் இதில் அடங்கும். காயல்பட்டினத்து மழை போன்றதைத் தாங்க இதுபோன்ற பெரிய ஏற்பாடே வேண்டும். சரக்கு வாங்கிய ரசீதுகளை ஒரு தகரப் பெட்டியில் போட்டு, அப்பெட்டியைக் கடையில் வைக்காமல் வீட்டில் வைக்கச் சொல்லுங்கள். கடையோடு ரசீதும் எரிந்துபோனபின் சர்வேயரிடம் என்ன காட்டுவது? கைப்பேசியில் மாதம் ஒரு முறை சரக்கைப் படம் எடுத்து வைப்பதும் நல்லது. சரக்கு ஆட்டோ வைத்திருப்போருக்கு மூன்றாம் நபர் காப்பீடு 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி கட்டாயம். சட்டம் கட்டாயப்படுத்துவதால் இதை அறிஞர் பலர் அனுமதிக்கின்றனர்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தவணையை அரசே செலுத்துகிறது. 1989 இல் அமைந்த வணிகர் நல வாரியம், உறுப்பினர் இறந்தால் குடும்பத்துக்கும், தீ விபத்தில் கடை இழந்த சிறு வணிகருக்கும் உதவித் தொகை தருகிறது. இவ்விரண்டிலும் மார்க்க ஐயம் எழுவது அரிது. அப்படியிருந்தும் வாரியத்தில் சேராதவரை நாம் தெருத்தெருவாகக் காண்கிறோம். தகாஃபுலைப் பற்றி ஆர்வத்தோடு கேட்பவரிடம், நீங்கள் வாரியத்தில் உறுப்பினரா என்று திரும்பக் கேட்டுப் பாருங்கள்.

உள்ளூர் நிதி தொடங்க விரும்பும் ஜமாஅத்தோ வியாபாரிகள் சங்கமோ சில கவனிப்புகளைக் கொள்ள வேண்டும். தவணை வாங்கிக்கொண்டு குறிப்பிட்ட தொகை தருவதாக வாக்களித்தால் அது காப்பீட்டுத் தொழிலாகிவிடும். உரிமமின்றி அதைச் செய்யலாகாது. ஆகவே விதியில், “நிதியின் இருப்புக்கேற்ப உதவி” என்றே எழுத வேண்டும். காப்பீடு, பாலிசி என்னும் சொற்கள் ரசீதில் இடம்பெறலாகாது. சங்கத்தை 1975 ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவு செய்துகொள்ளலாம். பணம் வட்டியில்லா நடப்புக் கணக்கில் இருக்கட்டும். எடுப்பதற்கு இருவர் கையொப்பம் வேண்டும். உதவி கேட்டவருக்குப் பத்து நாளுக்குள் விடை தரப்படும் என்று எழுதி, அதன்படி நடக்க வேண்டும். கந்துவட்டிக்காரரோடு போட்டியிடுவது அந்தப் பத்து நாளில்தான். ஜகாத் பணத்தை இந்நிதியோடு கலக்கலாகாது. அதைப் பெறுவதற்கு உரியவர் இன்னார் என்ற வரையறை உண்டு; இந்நிதியோ கட்டியவர் அனைவருக்கும் பொது. விரும்பினால் பக்கத்துக் கடை இந்துவையும் கிறிஸ்தவரையும் சேர்த்துக்கொள்ளலாம். உறுப்பினர் கூடக்கூட ஒருவர் மீது விழும் சுமை குறையும். வெள்ளத்துக்காக அந்நிதியிலிருந்து ஒரு பங்கைக் கொண்டு கம்பெனியிடம் கூட்டுப் பாலிசி எடுப்பதா என்பதை உறுப்பினரே கூடி முடிவு செய்யட்டும்.

கணக்கைப் பற்றி ஒரு சொல். மாதக் கணக்கை வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் பின் வாசிப்பதும், பள்ளிவாசல் பலகையில் எழுதி ஒட்டுவதும் நல்ல வழக்கம். ஆனால் நம் வட்டாரத்தில் இட்லிக் கடையும் பூக்கடையும் துணி வியாபாரமும் நடத்துவோருள் பெண்கள் பலர். வெள்ளிக்கிழமை வாசித்த கணக்கு அவர்கள் காதில் விழுவதில்லை. அதே கணக்கை அவ்வாரமே மகளிர் குழுக் கூட்டத்திலும் வாசித்து, இருப்பு எவ்வளவு, யாருக்கு எவ்வளவு கொடுக்கப்பட்டது என்பதைக் குழுவின் தீர்மானப் புத்தகத்தில் பதிந்து, வந்திருந்தோரிடம் கையொப்பம் பெற்றுக்கொள்ளுமாறு ஊர்நல அலுவலர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.